சமஷ்டி வந்தால் எங்கள் மதகு கட்டப்படுமா?

வலிகாமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

"ஐயா, எங்கள் ஒழுங்கை வீதியில் ஏறுகிற இடத்து மதகு இடிந்து இரண்டு மாரி போய்விட்டது. மழை என்றால் வெள்ளம் வளவுக்குள்தான். பிரதேச செயலகத்துக்குப் போனால் சபைக்குப் போங்கோ என்கிறார்கள். சபையில் கேட்டால் அது திணைக்களத்தின் வேலை என்கிறார்கள். தேர்தல் கூட்டம் என்றால் எல்லாரும் சமஷ்டி (கூட்டாட்சி) என்கிறார்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற மகள், மாகாண சபை இருப்பதால் நாங்கள் ஏற்கனவே அரைச் சமஷ்டி என்கிறாள். சுவிஸில் இருந்து வந்து நிற்கிற என் தம்பி, அங்கத்தைய மாதிரி கன்ரோன் (தனி அதிகாரமுள்ள மாநிலம்) இருந்தால் மதகு ஒரு கிழமையில் கட்டப்படும் என்கிறான். எது சரி? இன்னொன்று, மகள் பாடசாலை விவாதத்தில் சமஷ்டிக்கு ஆதரவாகப் பேசப் போகிறாள். சட்டப்படி ஏதும் சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது."

அம்மா,

கடைசிக் கேள்விதான் உங்களை நித்திரை கொள்ள விடவில்லை போலத் தெரிகிறது. பிள்ளை தாராளமாகப் பேசலாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மதகு.

உங்களை அலைக்கழித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் பெயரில் கிட்டக் கிட்ட இருந்தாலும் வேறு வேறு ஆட்கள். செயலகம் மத்திய அரசின் கந்தோர். விதானையார், அவருக்கு மேல் பிரதேச செயலாளர், அவருக்கு மேல் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அரசாங்க அதிபர் என்று அந்த வரிசை நேரே கொழும்பில் உள்ள அமைச்சுக்குப் போகிறது. இவர்களில் ஒருவரையும் நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யவில்லை. சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அதில் உங்கள் வட்டாரத்துக்கென்று ஓர் உறுப்பினர் இருக்கிறார். 2025 மே 6 அன்று நீங்கள் வரிசையில் நின்றது அதற்காகத்தான். யாழ். மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15. பிரதேச சபைகள் 13, அவற்றோடு மூன்று நகர சபைகளும் ஒரு மாநகர சபையும். எல்லைகளும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

வீதிக்கும் மூன்று பொறுப்பாளர்கள் உண்டு. ஏ, பீ தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சீ, டீ தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம். மிச்சம், அதாவது ஒழுங்கைகளில் பெரும்பாலானவை, உள்ளூராட்சி சபையிடம். உங்கள் மதகு ஒழுங்கை வீதியில் ஏறுகிற இடத்தில் இருக்கிறது என்கிறீர்கள். பிணக்கே அங்கேதான். அது ஒழுங்கையின் மதகு என்று திணைக்களம் சொல்லும், வீதியோர வாய்க்காலின் மதகு என்று சபை சொல்லும், வெள்ளம் உங்கள் வளவுக்குள் நிற்கும்.

வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு ஒன்று, திணைக்களத்துக்கு ஒன்று என இரண்டு விண்ணப்பம் கொடுங்கள். இந்த ஒழுங்கையும் மதகும் உங்கள் வீதிப் பதிவேட்டில் இருக்கின்றனவா, கடைசியாக எப்போது திருத்தினீர்கள், இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் போதும். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். வட்டார உறுப்பினரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மனிசனைத் தெரிவு செய்ததே இதற்குத்தானே.

இவ்வளவு நேரமும் நான் சொன்னதில் சமஷ்டி ஒரு சொட்டும் இல்லை. எல்லாம் ஜனநாயகத்தின் வேலை. உங்கள் வரிப்பணத்தைச் செலவழிக்கிறவரைக் கேள்வி கேட்கலாம், கணக்குப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பலாம். இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை 1931இலேயே கிடைத்துவிட்டது. (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது தனிக் கதை. வாலிபர் காங்கிரஸின் அழைப்பில் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.)

பிறகு ஏன் சமஷ்டி என்ற பேச்சு வந்தது? கையுயர்த்தி எண்ணுவது மட்டும் ஜனநாயகம் என்றால், எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்றைக்கும் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1948இல் மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டமும் பாராளுமன்றத்தில் முறைப்படி வாக்கெடுத்து நிறைவேறியவைதான். பெரும்பான்மையின் கையைக் கட்டத்தான் அரசியலமைப்பு என்று ஒன்றை எழுதி வைக்கிறார்கள். எங்களிடமும் அப்படி ஒரு கட்டு இருந்தது. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் அவருடைய சம்பள உயர்ச்சியை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. மேல்முறையீட்டில், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடலாமா என்ற கேள்வியிலேயே வழக்கு இழுபட்டது. 1969இல், அப்போது எங்களுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில், போடலாம் என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்க்காமல் திருப்பி அனுப்பியது. 1972இல் புதிய குடியரசு யாப்பு வந்தது. 29ஆம் பிரிவே போய்விட்டது.

சரி, மகளின் அரைச் சமஷ்டிக்கு வருவோம்.

நான் நொத்தாரிசு வேலையும் பார்க்கிறவன். என் மேசைக்கு வருகிற காகிதத்தை வைத்தே சொல்கிறேன். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணர், இங்கத்தைய காணியைப் பார்த்துக்கொள்ளும்படி தங்கச்சிக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். தங்கச்சி வாடகை வாங்கலாம், வேலி அடைக்கலாம், வழக்கும் போடலாம். அயலுக்கு அவதான் சொந்தக்காரி. அண்ணருக்கு மனம் மாறினால் ஒரு காகிதத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அதே காணியைப் பிரித்து உறுதி முடித்துக் கொடுத்திருந்தால், தங்கச்சியின் கையெழுத்து இல்லாமல் ஒரு குழிகூடத் திருப்பி எடுக்க ஏலாது. அதிகாரப் பரவலாக்கம் என்பது அற்றோணித் தத்துவம். சமஷ்டி என்பது காணி உறுதி. கொடுத்த அதிகாரம் கூடவா குறையவா என்று பார்ப்பதை விட, கொடுத்தவர் தனியே அதைத் திருப்பி எடுக்கலாமா என்று பாருங்கள்.

வட அயர்லாந்துக்கு 1921இலிருந்து தனிப் பாராளுமன்றம் இருந்தது. 1972இல் இலண்டன் அதை இடைநிறுத்தி ஆட்சியைத் தன் கையில் எடுத்தது. பெல்பாஸ்ட்டின் சம்மதம் சட்டப்படி தேவைப்படவில்லை. அவுஸ்திரேலியாவில் அப்படி முடியாது. அங்கே அரசியலமைப்பில் ஒரு வரியை மாற்றவும் நாடு முழுவதும் பெரும்பான்மையோடு, ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கில் பெரும்பான்மை வேண்டும்.

இனி, மாகாண சபைகளை உருவாக்கிய எங்கள் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை இந்தக் கேள்வியோடு புரட்டிப் பாருங்கள். 1987 ஜூலை 29 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின் பின், அதே ஆண்டு நவம்பரில் சட்டமானது. ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல் இருக்கிறது: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. இந்திய யாப்பின் ஏழாவது அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம். மகள் மயங்கியதில் வியப்பில்லை. ஆனால் பட்டியலோடு நின்றுவிடாமல் 154ஆம் உறுப்புரையை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். 154ஆ: ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி, அவர் விரும்பும் வரைதான் ஆளுநர் இருப்பார். 154இ: மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம், அமைச்சர்கள் ஊடாகவோ நேரடியாகவோ. மாகாண அரச ஊழியர்களின் நியமனமும் இடமாற்றமும் ஆளுநர் கையில் என்று 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் மேலும் இறுக்குகிறது. 154எ: மாகாணப் பட்டியலில் உள்ள விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் இயற்ற முன் எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் கேட்க வேண்டும். கேட்டு, அவை மாட்டோம் என்றாலும், மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் இயற்றலாம். அதாவது ஒன்பது மாகாணமும் சேர்ந்து எதிர்த்தாலும் கொழும்பில் 150 கைகள் போதும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 13ஆவது திருத்தம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது ஒன்பது நீதியரசர்களும் பிளவுபட்டார்கள். பிரதம நீதியரசர் சர்வானந்தா தரப்பு, இது சமஷ்டி இல்லை, மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, எனவே அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை சொல்லும் ஒற்றையாட்சிக்கு (இறுதி அதிகாரம் மத்தியிடமே இருக்கும் முறைக்கு) பங்கமில்லை என்றது. சமஷ்டி இல்லை என்று தீர்ந்ததால்தான் அந்தத் திருத்தமே பிழைத்தது. அரைச் சமஷ்டி என்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நடைமுறையில் இது எப்படி இருந்தது என்றும் பாருங்கள். 2012இல், சமுர்த்தி போன்ற அமைப்புகளை மத்தியின் ஒரே திணைக்களமாக்கும் திவிநெகும சட்டமூலம் வந்தபோது, எல்லா மாகாண சபைகளையும் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வடக்கில் அப்போது தெரிவான சபை இல்லை. ஆளுநர் சம்மதம் சொன்னார். சபையின் கருத்துக்கு ஆளுநரின் கருத்து ஈடாகாது என்றது நீதிமன்றம். அது நல்ல தீர்ப்பு. அரசாங்கம் மூன்றில் இரண்டைக் காட்டி 2013 ஜனவரியில் நிறைவேற்றிக்கொண்டது. அதே மாதம் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவும் பதவி நீக்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டெம்பர் 21இல் வடக்கில் முதன்முறையாகத் தனி மாகாண சபைத் தேர்தல் நடந்தது; 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. ஐந்தே நாளில், 26ஆம் திகதி, அரச காணி அதிகாரம் மத்தியிடமே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாகாணப் பட்டியலில் எழுதிக் கிடக்கும் பொலிஸ் அதிகாரமோ இன்றுவரை எழுத்தாகவே கிடக்கிறது.

2018 ஒக்ரோபர் 24உடன் வட மாகாண சபையின் ஐந்தாண்டு முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. பழைய முறை போய்விட்டது, புதிய முறை பிறக்கவில்லை. இதை எழுதும் வரை வடக்கை ஆளுநர்தான் நடத்துகிறார். மற்ற எட்டு மாகாணங்களிலும் அதே நிலைதான். தெற்கில் இதற்காக எவரும் பெரிதாகத் துக்கப்படவில்லை என்பதையும் நாங்கள் யோசிக்க வேண்டும்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. சுவிஸில் 26 கன்ரோன்கள். அரசியலமைப்பை மாற்ற மக்களின் பெரும்பான்மையும் கன்ரோன்களின் பெரும்பான்மையும் இரண்டும் வேண்டும். ஆனால் அங்கே மதகு கெதியாகக் கட்டப்படுவதற்குக் காரணம் காசு. கன்ரோனும் அதற்குக் கீழுள்ள ஊர்ச் சபையும் வருமான வரியைத் தாங்களே விதித்து எடுக்கின்றன. பெரிய செலவு என்றால் பல இடங்களில் ஊரையே கேட்கிறார்கள். எங்கள் மாகாணத்தின் சொந்த வருமானம் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், வாகன வருமான அனுமதிப்பத்திரம் இப்படிச் சில. (மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தில் காசு கட்டுகிறீர்களே, அந்தக் காசு மாகாணத்துக்குப் போகிறது. வாங்குகிற கை மத்தியினுடையது, பை மாகாணத்தினுடையது.) பெரும்பகுதி மத்தியிலிருந்து வருகிற மானியம். காசைக் கேட்டு நிற்கிறவரிடம் எவ்வளவு அதிகாரம் எழுதிக் கொடுத்தும் பெரிய பலன் இல்லை. சமஷ்டி பேசுகிறவர்கள் மேடையில் காணி, பொலிஸ் என்று முழங்குகிற அளவுக்கு வரியைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதில் குறை உண்டு.

தம்பி விட்ட மறுபாதியும் இருக்கிறது. சமஷ்டி வந்தால் அதிகாரம் கொழும்பிலிருந்து மாகாணத் தலைநகருக்கு வரும். அங்கிருந்து உங்கள் ஒழுங்கைக்கு வரும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. இந்தியா மாநிலங்களின் ஒன்றியம். அங்கே பல மாநில அரசுகள் பஞ்சாயத்துகளை ஒழுங்காக நடக்க விடாததால், 1992இல் அரசியலமைப்பையே திருத்தி உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கினார்கள். அதற்குப் பிறகும், தமிழ்நாட்டில் 2016இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் கிராமப்புறங்களில் 2019 டிசெம்பரில்தான் தொடங்கியது. நகர்ப்புறங்களில் 2022 பெப்ரவரியில். அந்த இந்தியாவிலேயே 2019இல் ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலத்தைப் பாராளுமன்றம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக்கியது. சமஷ்டி என்று பெயர் வைத்த உறுதியிலும் சில வாசகங்கள் அண்ணர் பக்கம் சாய்ந்திருக்கலாம். வாசித்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

இனி விவாதம். உங்கள் பயம் 1983இல் வந்த 6ஆவது திருத்தத்தால் வருவது. அது தடுப்பது இலங்கைக்குள் தனிநாடு அமைப்பதை ஆதரிப்பதை. சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பதா என்ற கேள்வி நேரடியாகவே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்பதால் அது பிரிவினைக் கட்சி என்று அறிவிக்கும்படி சந்திரசோம என்பவர் அக்கட்சியின் மாவை சேனாதிராசாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. 2017 ஓகஸ்ட் 4இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது: பிளவுபடாத நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது. ஒற்றையாட்சிக்குள் சமஷ்டியின் கூறுகளும், சமஷ்டிக்குள் ஒற்றையாட்சியின் கூறுகளும் இருக்கலாம் என்றும் சொன்னது. ஆசிரியர் யாராவது தயங்கினால் இந்தத் தீர்ப்பை மகள் எடுத்துக் காட்டட்டும். அதே மூச்சில், ஒற்றையாட்சி என்று சொல்லும் 2ஆம் உறுப்புரையை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டும், அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்ற 83ஆம் உறுப்புரையையும் சொல்லிவிட வேண்டும். எதிரணி அதைச் சொல்ல முன் தானே சொன்னால் மதிப்பு.

சமஷ்டி தமிழரின் கண்டுபிடிப்பு என்று யாராவது தொடங்கினால் 1926ஐ நினைவூட்டலாம். அப்போது இளைஞராக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்க, இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுதினார். யாழ்ப்பாணத்துக்கே வந்து அதைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு, யாப்பைச் சீர்திருத்த பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் சமஷ்டி கேட்டவர்கள் கண்டியச் சிங்களவர். தமிழரசுக் கட்சி பிறந்தது 1949 டிசெம்பரில்.

எதிரணி கெட்டிக்காரராக இருந்தால் வேறு ஒரு கேள்வி கேட்பார்கள். சரி, வடக்குக்கு உறுதி முடித்துக் கொடுத்தாயிற்று; அந்த வடக்குக்குள் எண்ணிக்கையில் குறைந்த முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன காவல்? 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டதை அவர்கள் எடுத்துப் போட்டால், "அது வேறு விஷயம்" என்று பிள்ளை நழுவக்கூடாது. மாகாணத்தையும் கட்டுகிற அடிப்படை உரிமைகள், உள்ளூராட்சிக்குத் தனியே எழுதப்பட்ட அதிகாரம், சுயாதீனமான நீதிமன்றம் என்று மூன்றையாவது தயார் பண்ணிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.